பையனுக்கு ஜாமீன், பெண்ணுக்குக் கூர்நோக்கு இல்லம்: இது சட்டமா, வழக்கமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு சித்தி எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகளுக்கு 16 வயது. அப்பா வாங்கிய கடனால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், வெளியூரில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்து வந்திருக்கிறாள். அந்த வீட்டில் ஐந்து பவுன் சங்கிலி ஒன்று காணாமல் போயிருக்கிறது. அவள் மீதும், அந்தத் தெருவில் தண்ணீர் கேன் போடும் 17 வயதுப் பையன் மீதும் புகார் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் பேசிப் பழகியது வீட்டாருக்குத் தெரியும். பையன் பெயர் புகாரில் வந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்கிறார் சித்தி. சங்கிலி இன்றுவரை யாரிடமும் கிடைக்கவில்லை.

மாலையில் கூட்டிப்போன பெண்ணை இரவு முழுக்க மகளிர் காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்து, மறுநாள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியிருக்கிறார்கள். பையனின் அம்மா கையெழுத்துப் போட்டு அவனை அன்றைக்கே அழைத்துப் போய்விட்டார். பெண்ணின் அப்பாவோ, “மானம் போச்சு, கொஞ்ச நாள் அங்கேயே கிடக்கட்டும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். “அவளுடைய பாதுகாப்புக்காக” என்று அவளை, விசாரணை நடக்கும் காலத்தில் சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இல்லம் வேறு மாவட்டத்தில், பேருந்தில் ஐந்து மணி நேரம். போய் மூன்று வாரம் ஆகிறது. உள்ளே சேர்க்கும்போது கர்ப்பப் பரிசோதனை செய்து, பையனோடு எதுவரை பழக்கம் என்றும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாய்தாவுக்கு அழைத்து வந்த வண்டியில் வழிக்காவலுக்கு ஆண் காவலர்கள் மட்டுமே. மாதவிடாய் நாள். நாப்கின் வேண்டும் என்று கேட்க வாய் வராமல், துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாளாம்.

சித்தி கேட்கிறார்: அவளை நான் அழைத்து வர முடியுமா? குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே? பையன் மேல் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) புகார் கொடுத்தால் இவள் தப்பிப்பாள் என்று உறவில் ஒருவர் சொல்கிறாரே? நகைக்குப் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா? இனி இவளுக்கு ஒரு படிப்பு, ஒரு வேலை கிடைக்குமா?

சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். அவளுடைய அப்பா வேண்டாம் என்று சொன்னாலும் முடியும். ஆனால் நாள் கடத்தாதீர்கள். குழுமத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அதில் பெரும்பகுதி போய்விட்டது.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில், “பையனை விட்டுவிட்டார்கள் என்றால் இவள் மேல்தான் ஏதோ தப்பு இருக்கிறது போல” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யார் மேல் தப்பு என்று குழுமம் இன்னும் பார்க்கவே இல்லை. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3 ஆவது பிரிவு, குழந்தையைக் குற்றமற்றவர் என்றே வைத்துத் தொடங்க வேண்டும் என்கிறது. பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது, இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பையன் வெளியே வந்ததற்குக் காரணம், கையெழுத்துப் போட அவனுக்கு ஒரு ஆள் இருந்தது. உங்கள் பெண்ணுக்காக அன்று அங்கே யாரும் கையெழுத்துப் போடவில்லை. வந்திருந்த ஒரே ஆளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜாமீனை எப்போது மறுக்கலாம்?

சட்டத்தின் 12 ஆவது பிரிவைப் பாருங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ, விடக்கூடாத குற்றமோ, குழந்தையை விட்டாக வேண்டும் என்பதுதான் அதில் பொது விதி. ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். “தகுதியான நபர்” ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: தெரிந்த குற்றவாளியோடு சேர்ந்துவிடும் வாய்ப்பு; ஒழுக்கரீதியாகவோ உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ ஆபத்து; நீதியின் நோக்கமே கெட்டுப்போகும் நிலை. இவற்றில் ஒன்றைச் சொன்னால் மட்டும் போதாது. அதை நம்புவதற்கான அடிப்படை என்ன, சூழ்நிலை என்ன என்று குழுமம் எழுத்தில் பதிய வேண்டும். அப்படி எதையும் பதியாமல் ஒரு சிறுவனுக்கு ஜாமீன் மறுத்ததை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்காமல் அவனை விடுவித்தது. உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த மூன்றில் இரண்டாவது காரணம்தான் பெண் பிள்ளைகளுக்கு வினையாகிறது. பையன் தெருவில் சுற்றினால் அது யாருக்கும் ஒழுக்க ஆபத்தாகத் தெரிவதில்லை. பெண் ஒருவனோடு பேசினாள் என்றாலே தெரிந்துவிடுகிறது. பேசிய இருவரில் ஒருவரை வீட்டுக்கும் மற்றவரை இல்லத்துக்கும் அனுப்பும்போது, விசாரணை சங்கிலியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் நடத்தைக்குப் போய்விட்டது என்று பொருள். இது இன்று நேற்று வந்த பார்வை அல்ல. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் பையனை 16 வயது வரைக்கும் பெண்ணை 18 வயது வரைக்கும் இளஞ்சிறார் என்றது. சலுகை போலத் தெரியும். ஆனால் ‘ஒழுக்கக் கேடான’ வாழ்க்கை நடத்துபவரோடு பழகுகிறார் என்பதற்காகவே ஒரு சிறாரை இல்லத்தில் சேர்க்க அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. அந்தக் கதவு பெண்ணுக்கு இரண்டு வருடம் கூடுதலாகத் திறந்திருந்தது. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் வயதை 18 என்று ஒன்றாக்கியது. வயது சமமாகிவிட்டது. பார்க்கிற கண் இன்னும் சமமாகவில்லை.

குழுமத்தில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதாக நான் சொல்லமாட்டேன். அப்பாவே கைவிட்ட பெண்ணை எங்கே அனுப்புவது என்ற கவலை அவர்களுக்கு உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் வீட்டில் ஆபத்து என்றால் அந்த வீட்டுக்கு மாற்றாக ஒரு வீட்டைத் தேட வேண்டும். பெண்ணை அடைத்துவைப்பது அதற்குத் தீர்வு ஆகாது. அந்த மாற்று வீடு உங்களுடையதாக இருக்கலாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியவை

ஜாமீன் மறுத்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. “பாதுகாப்புக் கருதி இல்லத்தில் வைக்கப்படுகிறார்” என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், அதுவே உங்களுக்குச் சாதகம். ஒருவேளை குழுமம் ஜாமீன் கொடுத்து, ஜாமீன்தாரர் இல்லாததால் அவள் உள்ளே இருக்கிறாளா என்பதையும் பாருங்கள். அப்படி என்றால் ஏழு நாளுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாத குழந்தையை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்தி, நிபந்தனையை மாற்றியமைக்க வேண்டும் என்று அதே 12 ஆவது பிரிவு சொல்கிறது.

வழக்கறிஞருக்குப் பணம் வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இவள் இரண்டுமே. ஏற்கெனவே ஒரு வழக்கறிஞரை நியமித்திருந்தால் அவர் யார், இல்லத்தில் போய் அவளைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வேறொருவரைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், அவளைத் தகுதியான நபரான உங்கள் பொறுப்பில் விடக் கேட்டு ஜாமீன் மனு. இதோடு உங்கள் ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வரி ரசீது, உங்கள் கணவரின் சம்மதக் கடிதம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் வையுங்கள். அவளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இடம் தருவதாக ஒரு கடிதம் வாங்கிச் சேருங்கள். என் அனுபவத்தில், எங்கே தங்குவாள், காலையில் எழுந்து எங்கே போவாள் என்ற இரண்டு கேள்விக்கும் காகிதத்தில் பதில் இருந்தால் குழுமம் மனுவைப் பார்க்கும் விதமே மாறும். நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு விசாரிக்க வருவார். அக்கம்பக்கத்திலும் கேட்பார். அதற்குப் பயப்பட வேண்டாம். அவர் எழுதும் அறிக்கையைக் குழுமம் மிகவும் மதிக்கும். நீங்களாகவே முன்கூட்டிப் போய் அவரைப் பாருங்கள்.

அந்த மனுவும் தள்ளுபடியானால் 101 ஆவது பிரிவின்படி குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. 30 நாள் தாண்டிவிட்டாலும் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். ஆனாலும் அதை நம்பி இருக்காதீர்கள். அதற்கும் மேலே, 102 ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு இருக்கிறது.

உங்கள் அக்காவிடமும் பேசுங்கள். அவர் கணவருக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். “என் மகளை என் தங்கை பொறுப்பில் விடச் சம்மதம்” என்று அவர் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்கள் மனுவுக்கு அது பெரிய பலம்.

ஒப்புக்கொண்டால் சீக்கிரம் விடுவார்களா?

இந்த யோசனையைச் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் விசாரணை சீக்கிரம் முடியலாம். அவள் வெளியே வருவாள் என்பதற்கு உறுதி இல்லை. குற்றம் செய்தார் என்று முடிவானால் 18 ஆவது பிரிவின்படி கண்டித்து அனுப்புவது முதல் மூன்று ஆண்டு வரை சிறப்பு இல்லத்தில் வைப்பது வரை எந்த உத்தரவும் வரலாம். “பாதுகாப்பு” என்று இப்போது யோசிப்பவர்கள், அப்போது “சீர்திருத்தம்” என்று யோசிக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

காவல் நிலையத்தில் இரவில் அவள் ஏதாவது சொல்லியிருந்தாலும், எழுதி வாங்கியிருந்தாலும், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவளுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. நகையும் கைப்பற்றப்படவில்லை. வழக்கு பலவீனமாகவே தெரிகிறது. வேலை செய்யும் வீட்டில் திருடுவதற்கு அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. அதனால் இது “கடுமையான குற்றம்” என்ற வகையில் வரும், “கொடிய குற்றம்” ஆகாது. பெரியவர்களைப் போல அவளை விசாரிக்கும் பேச்சுக்கே இதில் இடமில்லை.

முதல் தகவல் அறிக்கை போட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால்தான் சிறார் மீது முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். மற்றவற்றைப் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். இந்த வழக்கில் இருவருமே 18க்குக் கீழே. ஆகவே இதையும், இரவு முழுக்கக் காவல் நிலையத்தில் வைத்திருந்ததையும் வழக்கறிஞர் குழுமத்தில் எழுப்பட்டும். பிடித்த உடனே சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிடமோ குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ அவளை ஒப்படைத்தார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்லுங்கள்.

பையன் மேல் போக்சோ புகார்?

இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லி அவளைக் காப்பாற்ற முடியாது. திருட்டு வழக்கு அப்படியேதான் இருக்கும். அதன் மேல் மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம், குறுக்கு விசாரணை என்று அவள் உடம்பைப் பற்றிய இன்னொரு வழக்கு ஏறும். அந்தப் பையனும் ஒரு குழந்தைதான். குழந்தை மீது தெரிந்தே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்குப் போக்சோ சட்டத்தின் 22 ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. யோசனை சொன்ன உறவினருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அவள் அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தவள். வெளியூர்ப் பெண், கேட்க ஆளில்லாதவள். அங்கே யாராவது அவளிடம் தவறாக நடந்தார்களா, அடித்தார்களா, வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்ன பிறகு இந்தப் புகார் வந்ததா? குற்றம் சாட்டப்பட்ட பெண் பிள்ளைகளிடம் இதை யாரும் கேட்பதில்லை. திருடினாயா என்றும், யாரோடு பழகினாய் என்றும்தான் கேட்கிறார்கள். நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது, “எது நடந்திருந்தாலும் சொல்லலாம், நான் உன்னைத் திட்டமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பேசும்வரை காத்திருங்கள். பாலியல் ரீதியாக ஏதாவது நடந்ததாக அவள் சொன்னால் அதைப் புகாராகத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. வழக்கறிஞரோடு உடனே பேசுங்கள். குற்றம் சாட்டப்பட்ட குழந்தை, அதே சமயத்தில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்போது குழந்தைகள் நலக் குழுவையும் இதில் சேர்க்கலாம்.

கர்ப்பப் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இல்லத்தில் சேரும்போது உடல்நலப் பரிசோதனை செய்வது வழக்கம்தான். ஆனால் சங்கிலித் திருட்டு வழக்கில் ஒரு பெண் யாரோடு எதுவரை பழகினாள் என்று கேட்க எந்த முகாந்திரமும் இல்லை. காவலில் உள்ள பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2023 இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவள் என்பதால் அவளுடைய கண்ணியம் குறைந்துவிடாது என்பதுதான் அதன் சாரம். என்ன பரிசோதனை செய்தார்கள், சம்மதம் கேட்டார்களா, முடிவை யாரிடம் சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

அந்த வண்டிப் பயணத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் அடங்கவில்லை. வழக்குகளில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை மிகவும் குறைவு. அதனால் அவர்களுக்கான கூர்நோக்கு இல்லம் எல்லா மாவட்டத்திலும் இல்லை. இல்லம் தூரத்தில் இருப்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழிக்காவல் வேண்டும். வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்றால் வாய்தா தள்ளிப்போகும். பையன்களுக்கு இல்லாத இந்தக் காத்திருப்பு, எண்ணிக்கையில் குறைவு என்பதற்காக இவர்கள் தலையில் விழுகிறது. பெண் காவலரோடுதான் அழைத்து வர வேண்டும், வண்டியில் நாப்கினும் வழியில் கழிப்பறை வசதியும் வேண்டும் என்று குழுமத்துக்கு ஒரு மனுக் கொடுங்கள். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டியது. நாப்கின், படிப்பு, மருத்துவம் பற்றிய குறைகளை அங்கேயும் எழுப்பலாம். சிறுவர்களைவிடச் சிறுமிகளுக்குப் பராமரிப்போ பயிற்சியோ எந்த வகையிலும் குறையக் கூடாது என்று ஐ.நா.வின் பெய்ஜிங் விதிகள் 1985லேயே சொல்லிவிட்டன. தையல் கற்றுத்தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் அவள் பதினோராம் வகுப்புக்குப் போக ஆசைப்படுகிறாள். பாடப் புத்தகம் கேளுங்கள்.

பணம் கட்டுவது, பிறகு அவள் எதிர்காலம்

நகைக்கான பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் எடுத்ததை ஒப்புக்கொண்டது போலத்தான் பேசுவார்கள். வழக்கு அதோடு முடியும் என்றும் சொல்ல முடியாது. உண்மையில் கணக்குப் பார்த்தால், அந்த வீட்டார்தான் இவளுக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைத்து ஊதியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது இளைஞர் நீதிச் சட்டத்தின் 79 ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். இந்தப் புகாரை இப்போதே கொடுப்பதா, ஜாமீன் கிடைத்த பிறகு கொடுப்பதா என்பது வழக்கறிஞரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. என் யோசனை, முதலில் அவள் வெளியே வரட்டும்.

எதிர்காலம் பற்றிப் பயப்படாதீர்கள். ஒருவேளை குற்றம் செய்ததாகவே முடிவு வந்தாலும், இந்த வழக்கில் 24 ஆவது பிரிவு அவளுக்குத் துணை. அந்த முடிவால் வரக்கூடிய எந்தத் தகுதியிழப்பும் அவளுக்குக் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். வழக்கு முடிந்தபின் நன்னடத்தைச் சான்று கேட்டு யார் வந்தாலும் போலீஸ் அவளுடைய பதிவைக் கொடுக்கக் கூடாது. அவள் பெயரையோ படத்தையோ யாராவது வாட்ஸப்பில் பரப்பினால் 74 ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர்க் குழுவில் வந்தது என்று சொன்னீர்களே, அதன் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

விசாரணையை முதலில் ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். காரணம் எழுதி இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். இந்த வகைக் குற்றத்தில் அதற்கு மேலும் நீட்டிக்க முதன்மை நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். இவ்வளவு நாளும் அவள் இல்லத்தில் இருந்துதான் இதை எதிர்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலிருந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டே வாய்தாவுக்கு வரலாம். குழுமத்தில் கூண்டு கிடையாது, உயர்ந்த மேடை கிடையாது. அவள் பக்கத்திலேயே நீங்கள் உட்காரலாம்.

உத்தரவு நகல் கையில் கிடைத்ததும், அதில் உள்ள காரணத்தை மட்டும் வரி மாறாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். மேல்முறையீட்டில் எதை முதலில் வைக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.